சாணைக்குப் போன பாதி: காங்கயத்துக்கு வந்த ஒரு கேம்பிரியன் கணுக்காலி

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காங்கயத்தில் கல் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் சென்னிமலையில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே பஞ்சு, பஞ்சின் மேல் உள்ளங்கை அகலத்தில் இரண்டு மஞ்சள் கல் தகடுகள். ஒன்றின் மேல் செங்காவி நிறத்தில், இறால் குஞ்சு ஒருக்களித்துப் படுத்தது போல ஓர் உருவம். மற்றதில் ஒன்றுமே இல்லை. வழவழவென்று தேய்ந்திருந்தது.

“ஏனுங்க வாத்தியாரே, நான் ஒரு தப்புப் பண்ணிப்போட்டனுங்க” என்றார்.

நான் முப்பது வருடம் கல்லூரியில் நிலவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். அவர் பதினான்கு வயதிலேயே சாணைத் தட்டின் முன் உட்கார்ந்தவர். கல்லைக் கையில் வைத்துப் பார்க்கும் பக்குவத்தில் பாதியை நான் அவரிடம்தான் கற்றேன். அப்படிப்பட்ட கைக்கு இது எப்படி நேர்ந்தது, மிஞ்சிய பாதியில் நாங்கள் என்ன கண்டோம் என்பதை முழுதாக எழுதி வைக்கிறேன். எழுதச் சொன்னவரும் அவர்தான். பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறேன்.

கல் வந்த வழி

திருப்பூரில் பனியன் தொழில் செய்யும் காங்கயத்துத் தம்பி ஒருவர் மெஷின் பார்க்கச் சீனா போயிருந்தார். அங்கே ஒரு கடைத்தெருவில் இந்தக் கல்லை வாங்கியிருக்கிறார். விற்றவர் சொன்னது ‘பழைய கடல் பூச்சி’ என்பது மட்டும்தான். ரசீது இல்லை. எந்த மலையில், எந்த அடுக்கில் எடுத்தது என்ற குறிப்பும் இல்லை.

ஒரே கல்லைப் புத்தகம் போல விரித்துப் பிளந்த இரண்டு பாதிகள் அவை. ஒரு பாதியில் இருக்கும் உருவம் மற்றதில் இடம் வலம் மாறித் தெரியும். வாங்கியவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றை ஆபீஸ் மேசையில் வைத்துக்கொண்டு, மற்றதை மெருகேற்றி வெள்ளிக் கட்டுப் போட்டு அப்பாவுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தார். அன்பாகச் செய்ய நினைத்த காரியம். காங்கயத்துக்காரர் யாரிடம் கொடுப்பார்? பட்டறைக்குத்தான் வந்தது.

“ஒரு நிமிசங்கூட ஆகலீங்க” என்றார் அண்ணன். “தட்டுல வச்சு, தண்ணி விட்டு, ரெண்டு சுத்து. தண்ணி செவப்பா ஓடுச்சுங்க. கல்லோட நெறம்னா தண்ணி கலங்கும், ஆனா கல்லுல நெறம் அப்படியே நிக்கும். இதுல நெறமே போயிருச்சுங்க. அப்பத்தான் இது கல்லுக்குள்ள இருக்கறது இல்ல, மேல ஒட்டி இருக்கறதுன்னு புரிஞ்சுதுங்க.”

உடனே தட்டை நிறுத்திவிட்டார். மற்ற பாதியைத் தண்ணீர் படாமல் பஞ்சில் பொதிந்து வைத்து, உரிமையாளரிடம் நடந்ததைச் சொல்லி, அவர் சம்மதத்தோடு என்னிடம் கொண்டுவந்தார். அந்த ஒரு நிமிடத்துக்குள் அவர் கவனித்ததை, நுண்ணோக்கி வைத்திருக்கும் பலரும் ஒரு நாள் முழுக்கப் பார்த்தாலும் கவனிக்க மாட்டார்கள்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொங்கு நாட்டில் கல்லின் மதிப்பு எப்போதும் கல்லுக்குள்தான் இருந்திருக்கிறது. நொய்யல் கரையில் கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பச்சைக்கல்லையும் பளிங்கையும் சூதுபவளத்தையும் தேய்த்து மணி செய்தார்கள். படியூரில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அக்வாமரின் எனும் கடல்நீல நிறப் பச்சைக்கல் வெட்டி எடுத்தார்கள். இன்றும் கரூர், காங்கயம் பக்கம் சந்திரகாந்தக் கல்லும் குருந்தமும் பட்டறைக்கு வருகின்றன. வெளித்தோலைத் தேய்த்து எறிந்தால்தான் உள்ளே இருக்கும் ஒளி தெரியும். அந்தக் கைப்பழக்கத்துக்கு முன்னால், எல்லாமே தோலில் இருக்கிற ஒரு கல் வந்து நின்றுவிட்டது.

எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. கல்லின் நிறம் பார்க்க வேண்டும் என்றால் நனைத்துப் பார்ப்போம். டப்பாவைத் திறந்ததும் நான் செய்தது, சொம்பை எடுக்கக் கை நீட்டியது. அவர்தான் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

அசலா, பூச்சா?

கடைத்தெருவில் வாங்கிய புதைபடிவம் என்றால் முதல் சந்தேகம் போலி என்பதுதான். மொராக்கோவிலிருந்து வரும் டிரைலோபைட்டுகளில் (இறால், நண்டு போல மூட்டுக் கால்கள் கொண்ட, அழிந்துபோன கடல் கணுக்காலிகள்) பிசினில் வார்த்தவையும், உடைந்த துண்டுகளை ஒட்டிச் செதுக்கியவையும் ஏராளம். மஞ்சள் கல்லில் சிவப்புச் சாயத்தால் ஒரு இறால் வரைவது அதைவிட எளிது.

இப்படிப்பட்ட கல்லைச் சோதிக்கச் சிறந்த வழி இரண்டு பாதிகளையும் ஒப்பிடுவது. கல் பிளக்கும்போது உருவத்தின் ஒரு பங்கு இந்தப் பக்கமும் மறு பங்கு அந்தப் பக்கமும் போகும். ஒன்றில் மேடு என்றால் மற்றதில் பள்ளம். ஒன்றில் விட்டுப்போன துணுக்கு மற்றதில் ஒட்டியிருக்கும். வரைகிறவனால் அவ்வளவு நுணுக்கமாக வரைய முடியாது. எங்களிடம் அந்தச் சோதனைக்கு வழி இல்லை, ஒரு பாதி தேய்ந்துவிட்டது. ஆனால் வாங்கிய அன்று அந்தத் தம்பி கடையிலேயே இரண்டையும் செல்போனில் படம் எடுத்து வீட்டு வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். தேய்ந்த பாதிக்கு உலகத்தில் இருக்கும் ஒரே பதிவு அந்தப் படம். அதை இடம் வலம் மாற்றி, மிஞ்சிய பாதியின் படத்தோடு பொருத்தினோம். ஓட்டின் விளிம்பில் இருந்த ஒரு சிறு முறிவு இரண்டிலும் ஒரே இடத்தில் வந்தது. ஒன்றில் பிசிறிப்போன வால் முள் மற்றதில் முழுதாக இருந்தது.

அடுத்து, கடைகளில் ரூபாய் நோட்டுச் சோதிக்கும் புற ஊதா விளக்கு. இருட்டறையில் அடித்தபோது தகட்டின் ஒரு மூலையில் நீலமாக ஒரு கோடு மினுங்கியது. அது பசை. மூலை உடைந்து ஒட்டப்பட்டிருக்கிறது. உருவத்தின் மேல் எந்த மினுக்கமும் இல்லை.

முடிவான சான்று கோவையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கிடைத்தது. அங்கே ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி உண்டு. தங்கப் பூச்சு போடாமல் குறைந்த வெற்றிடத்தில் பார்க்கும்படி கேட்டுக்கொண்டோம். சிவப்புப் பகுதியில் இரும்பு தூக்கலாக வந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இருந்த கருப்பு வட்டத்தில் கார்பன் தூக்கல். பெயிண்டில் வரும் டைட்டானியம் சுற்றியிருந்த கல்லில் உள்ள அளவுக்கு மேல் இல்லை. பெரிதாக்கிக்கொண்டே போனபோது, சிவப்பு என்று நாம் பார்த்தது நிறப்பூச்சே இல்லை என்பது தெரிந்தது. ஒவ்வொன்றும் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலமுள்ள சின்னச் சின்ன உருண்டைகள். ஒவ்வோர் உருண்டையும் நூற்றுக்கணக்கான துகள்கள் திரண்டது. கோபி, உடுமலைப் பக்கம் பட்டுப்பூச்சிக்கு வளர்க்கிறோமே மல்பெரி, அதன் பழம் அச்சாக அப்படித்தான் இருக்கும். பாக்டீரியாக்கள் வேலை செய்யும் சேற்றுக்குள் பைரைட் என்ற இரும்புச் சல்பைடு உருவாகும்போது வருகிற வடிவம் அது. பிறகு பைரைட் துருவாக மாறினாலும் வடிவம் அப்படியே நிற்கும். அதைத் தூரிகையால் வைக்க முடியாது. கல் அசல்தான்.

சதை எப்படிக் கல்லில் நிற்கிறது

மஞ்சள் சேற்றுக்கல், மேலே சிவப்பு உருவம், பைரைட் துரு. இந்த மூன்றும் சேர்ந்தால் நிலவியல் படித்தவர்களுக்கு உடனே ஞாபகம் வரும் ஊர் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் உள்ள செங்ஜியாங். 1984 ஜூலை 1 அன்று ஹோ சியான்குவாங் என்ற ஆய்வாளர் அங்கே மாவோதியன்ஷான் மலையில் கல் பிளந்துகொண்டிருந்தார். அவர் தேடிப் போனது அரிசி மணி போன்ற சிறு இரட்டை ஓட்டுக் கணுக்காலிகளை. கிடைத்ததோ நராவோயா. ஓடு கெட்டிப்படாத, கால்கள் நீட்டிக்கொண்டிருந்த கணுக்காலி. அதுவரை கனடாவின் பர்ஜெஸ் ஷேல் பாறையிலிருந்து அறியப்பட்ட உயிர் அது. சார்லஸ் டூலிட்டில் வால்காட் 1909-இல் கண்டுபிடித்த அந்தப் பாறை சுமார் 50.8 கோடி ஆண்டு பழையது. செங்ஜியாங் அதைவிட ஒரு கோடி ஆண்டு மூத்தது, சுமார் 51.8 கோடி. இரண்டும் கேம்பிரியன் என்று சொல்கிற காலத்தவை. 2012-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

இதில் என்ன அதிசயம் என்று அந்தத் தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டில் இறால் உரித்த தோலை வெளியே போட்டால் சாயங்காலத்துக்குள் நாறுகிறது. கடலில் செத்த கணுக்காலியின் குடல், நரம்பு, தசை எல்லாம் நாள் கணக்கில், மிஞ்சினால் வாரக் கணக்கில் கரைந்துவிடும். நிற்பது கெட்டி ஓடு மட்டும். டிரைலோபைட்டில் 20,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவற்றில் கால்களோடு கிடைத்தவை சில பத்து இனங்கள்தான். மற்றவற்றின் முதுகு மட்டுமே நமக்குத் தெரியும். எப்படி நடந்தன, எப்படித் தின்றன என்பதெல்லாம் அந்தச் சில பத்தை வைத்துச் சொல்வதுதான்.

செங்ஜியாங்கில் நடந்தது இதுதான். கடலடியில் நுண்ணிய சேறு திடீரென்று சரிந்துவந்து உயிரினங்களை மூடியது. உள்ளே ஆக்சிஜன் இல்லை. அழுகல் முழுதாக நடக்கவில்லை. சதை அழுகத் தொடங்கிய இடங்களில் பாக்டீரியாக்கள் கடல் நீரின் சல்பேட்டைச் சல்பைடாக்கின. அது சேற்றில் இருந்த இரும்போடு சேர்ந்து பைரைட்டாகச் சதையின் மேலேயே படிந்தது. அழுகல் தொடர்ந்திருந்தால் உருவமே கலைந்திருக்கும், பைரைட்டும் தூளாகச் சிதறியிருக்கும். அழுகல் தொடங்க வேண்டும், தொடங்கியதும் நின்றுவிடவும் வேண்டும். இந்த இரண்டும் ஒன்றாக வாய்ப்பது மிக அரிது.

பிறகு கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்து மலை மேலே எழுந்து மழைநீர் இறங்கியபோது கருஞ்சாம்பல் கல் மஞ்சளானது, பைரைட் துருவாகிச் சிவந்தது. வெள்ளை வேட்டியில் குத்தி மறந்துபோன குண்டூசியை ஒரு மழைக்காலம் கழித்து எடுத்துப் பாருங்கள். ஊசியை எடுத்தாலும் அதன் உருவம் துருவாகத் துணியில் நிற்கும். அந்தக் கறைதான் இங்கே புதைபடிவம். அதன் கனம் மைக்ரான் கணக்கு. சாணைத் தட்டு ஒரு சுற்றில் எடுப்பது அதைப் போலப் பல மடங்கு.

வேறு வழிகளிலும் மென்திசு நிற்பதுண்டு. ஸ்வீடனில் சுண்ணக்கல்லை அமிலத்தில் கரைத்து, பாஸ்பேட் பூச்சு பெற்ற, இரண்டு மில்லிமீட்டருக்கும் சிறிய கணுக்காலிகளை முழு உருவத்தில் எடுத்திருக்கிறார்கள். மொராக்கோவில் எரிமலைச் சாம்பல் சூடாக வந்து டிரைலோபைட்டுகளை மூடி, கால் மயிர் வரை அச்சாக நிறுத்தியிருக்கிறது. 2024-இல் வெளியான அந்த ஆய்வில் வாயை மூடியிருந்த சதை மடல்கூடத் தெரிந்தது. அதே ஆண்டு சீனாவிலிருந்து கசகசா அளவே உள்ள ஒரு இளம் உயிரியை, யூட்டி யுவான்ஷி என்று பெயர், சின்க்ரோட்ரான் எனும் துகள் முடுக்கியின் எக்ஸ்-கதிரில் பார்த்து மூளைப் பகுதியையும் குருதிக் குழிகளையும் காட்டினார்கள். இவை ஒவ்வொன்றும் தனிக் கதை. எங்கள் கல் துருக்கறை வகை.

பெயர் சொல்ல முடிந்த வரை

ஓட்டின் நீளம் முன் முள்ளிலிருந்து பின் முள் வரை 28 மில்லிமீட்டர். பக்கவாட்டில் நசுங்கியிருக்கிறது. முதுகுக் கோடு ஏறக்குறைய நேர், வயிற்றுப் பக்கம் வில் போல வளைவு. இரண்டு முனையிலும் கூரிய முள். முன் முள்ளுக்கு அடியில், ஓட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கிற மாதிரி இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கருப்பு வட்டம். இந்த அமைப்பு ஐசாக்சிஸ் என்ற இரட்டை ஓட்டுக் கணுக்காலிக்கு உரியது. பெரிய உருண்டைக் கண், நீரில் நீந்தித் திரியும் வாழ்க்கை. வால்காட் 1890-இல் அமெரிக்காவின் டென்னசியில் கிடைத்த வெற்று ஓடுகளை வைத்து இதற்குப் பெயர் வைத்தார், பர்ஜெஸ் ஷேலைக் கண்டுபிடிக்கப் பத்தொன்பது ஆண்டு முன்பே. பிறகு கிரீன்லாந்து, ஆஸ்திரேலியா, ஸ்பெயின், சீனா என்று பல இடங்களில் கிடைத்தது. பெரும்பாலும் ஓடு மட்டும்தான். கண்ணோடும் காலோடும் கிடைப்பது அரிது.

ஆகவே பேரினம் ஐசாக்சிஸ் என்று துணிந்து சொல்கிறேன். இனப்பெயர் சொல்ல மாட்டேன். எங்கே, எந்த அடுக்கில் எடுத்தது என்று தெரியாத ஒரு கல்லுக்கு இனப்பெயர் வைப்பது, ஊர் தெரியாத ஆளுக்குப் பட்டா எழுதுவது போல. ஆய்வு இதழ்களும் இப்படிப்பட்ட கல்லை ஏற்பதில்லை, ஏற்கவும் கூடாது. கல்லோடு அது கிடந்த இடமும் சேர்ந்தால்தான் புதைபடிவம் முழுமை பெறும். அந்த வகையில் இந்தக் கல் சாணைக்கு வருவதற்கு முன்பே ஒரு பாதியை இழந்துதான் வந்தது.

கருப்பு வட்டம் கண்ணா, வெறும் அழுகல் கறையா என்ற கேள்வியை நாங்கள் சும்மா விடவில்லை. இந்தத் துறையில் நடந்த பெரிய வாதமே அதுதான். 2012-இல் மா சியாவோயா, ஹோ சியான்குவாங், கிரிகரி எட்ஜ்கோம், நிக்கலஸ் ஸ்ட்ராஸ்ஃபெல்ட் ஆகியோர் செங்ஜியாங்கின் ஃபூசியன்ஹுயா என்ற கணுக்காலியில் மூளையும் பார்வை நரம்புப் பகுதிகளும் பதிந்திருப்பதாக நேச்சர் இதழில் எழுதினார்கள். அடுத்த ஆண்டு அலல்கோமீனியஸ் என்ற வேறொரு கணுக்காலியின் நரம்பு மண்டலம், இரும்பு எங்கெங்கே படிந்திருக்கிறது என்ற வரைபடத்தையும் எக்ஸ்-கதிர் படத்தையும் சேர்த்துப் பார்த்ததில் வெளிவந்தது. 2014-இல் அதே ஃபூசியன்ஹுயாவின் இதயமும் குருதிக் குழாய்களும். மூளை போன்ற நொய்ந்த திசு 51.8 கோடி ஆண்டு நிற்குமா என்று பலர் கேட்டார்கள். 2018-இல் வேறொரு குழு, இவை உறுப்புகளே அல்ல, குடலிலிருந்து பரவிய நுண்ணுயிர்ப் படலங்கள் விட்ட கறை என்று வாதிட்டது. முன்னவர்கள் தரப்பின் பலம், ஒரே உருவம் பல மாதிரிகளில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது என்பது. கறை அப்படி வராது. எனக்கு அந்த வாதம் சரியாகப் படுகிறது. ஆனால் சந்தேகித்தவர்கள் செய்ததும் நல்ல காரியம்தான். அதற்குப் பிறகு யாரும் ஒரே ஒரு கறையைப் பார்த்துவிட்டு ‘மூளை’ என்று எழுதத் துணிவதில்லை.

அந்த அளவுகோலை எங்கள் கல்லிலும் வைத்தோம். வட்டத்துக்குத் தெளிவான விளிம்பு இருக்கிறது, வழிந்து பரவவில்லை. கார்பன் அங்கே மட்டும் தூக்கலாக இருக்கிறது. வெளியான ஐசாக்சிஸ் படங்களில் கண் இருக்கும் இடமும் இதுவே. கண் என்றே எழுதுகிறேன்.

‘நம்ம ஊர்ல இது ஏனுங்க இல்ல?’

இதைக் கேட்டது பட்டறை அண்ணன். கேட்டுவிட்டு அவரே, “மலையெல்லாம் கல்லாத்தான இருக்குது” என்றார்.

இருக்கிறது, ஆனால் வேறு கல். நம் பக்கத்து நைஸ், சார்னோக்கைட் வகைப் பாறைகளில் பெரும்பகுதி சுமார் 250 கோடி ஆண்டு பழையவை. கண்ணும் காலும் உள்ள உயிரே இல்லாத காலம். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் உள்ள வெள்ளைப் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது என்பதால் சந்திரயான் சோதனைக்கு அதைப் பொடி செய்துதான் நிலா மண் தயாரித்தார்கள். அவ்வளவு பழைய பூமி நம்முடையது.

இதில் என்னை எப்போதும் அசைத்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. செங்ஜியாங் கடலில் ஐசாக்சிஸ் நீந்திய அதே காலத்தை ஒட்டி, ஏறக்குறைய 55 கோடிக்கும் 52 கோடிக்கும் இடையில், நம் பாறைகளும் சும்மா இருக்கவில்லை. தெற்குக் கண்டத் துண்டுகள் மோதிச் சேர்ந்து கோண்டுவானா உருவாகிக்கொண்டிருந்தது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரி வரை ஓடும் பெரிய பிசைவு மண்டலம் அப்போது மறுபடி சூடேறி நெளிந்தது. இன்று நாம் நிற்கும் இந்த நிலம் அன்று பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்துகொண்டிருந்தது. அந்தச் சூட்டில் மெல்லிய துருப்படலம் எங்கே நிற்கும்? குருந்தமும் செம்மணிக் கல்லும் தருகிற அதே வெப்பம்தான் புதைபடிவத்தை அழிப்பதும். கல் பட்டறைக்குத் தீனி கொடுத்தது எதுவோ, அதுவே இங்கே புதைபடிவம் இல்லாமல் செய்ததும்.

இந்தியாவிலேயே கேம்பிரியன் கணுக்காலி வேண்டும் என்றால் இமயமலைக்குப் போக வேண்டும். ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் டிரைலோபைட்டுகள் உண்டு. நம் மாணவர்கள் பஸ் பிடித்துப் போகிற அரியலூர் கடல் படிவங்கள் கிரெட்டேசியஸ் காலத்தவை, கேம்பிரியனுக்கு நாற்பது கோடி ஆண்டு பின்னால். கொங்கில் குவாரிக் கல்லில் செடி மாதிரி கருப்புக் கிளைகளைக் காட்டி ‘பழைய இலை’ என்று கொண்டுவருகிறார்கள். அது மாங்கனீசு கசிந்து படிந்த கோலம். அழகாக இருக்கும், ஆனால் உயிர் இல்லை.

தேய்ந்த பாதி

வழவழப்பான தகட்டை முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை, நான் உட்பட. அண்ணன்தான், “அதையும் ஒருக்கா பாருங்க” என்றார். ஒரு மூலையில் தட்டு தொடாத துளி இடம் இருந்தது. அங்கிருந்து அளந்ததில் தேய்ந்தது 0.3 மில்லிமீட்டர்.

சாய்வான வெளிச்சத்தில் வைத்தபோது, வெறுமையான மஞ்சளின் நடுவில் நீளவாக்கில் ஒரு கருங்கோடு தெரிந்தது. பதினொரு மில்லிமீட்டர் நீளம், ஊசி நுனி அகலம். படத்தோடு பொருத்தினால் உடலின் அச்சில் சரியாக விழுகிறது. குடல். ஓடும் கண்ணும் படலமாக மேலே நின்றன. குடலோ உள்ளே இருந்த பொருளால் நிரம்பி, நசுங்காமல், தகட்டுக்குள் சற்று ஆழம் வரை இறங்கியிருக்கிறது. அதனால் தட்டு அதன் மேல்பாதியை மட்டும் எடுத்துவிட்டு நின்றிருக்கிறது. தேய்க்காத பாதியில் அந்த இடத்தில் தெரிவது ஒரு மங்கலான கோடு மட்டும்தான். அது மேற்பரப்பில் ஒட்டிய கறையா, உள்ளுறுப்பா என்று தீர்மானிக்க முடியாமல் இருந்தோம். வெட்டுமுகம் கிடைத்ததால் தீர்மானித்தோம்.

இதைச் சொன்னதும் உரிமையாளர் தம்பி, “அப்ப நல்லதுதானுங்க நடந்திருக்குது” என்றார். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அவருடைய செல்போன் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். தேய்ந்த பாதியில், ஓட்டின் வயிற்று விளிம்புக்குக் கீழே, நான்கு வளைந்த கோடுகள் சீப்புப் பல் போலச் சம இடைவெளியில் இருக்கின்றன. மிஞ்சிய பாதியில் அவை இல்லை. பிளந்தபோது கால்கள் முழுதும் அந்தப் பக்கம் போயிருக்கின்றன. கடையின் டியூப் லைட் வெளிச்சத்தில், கை ஆடி எடுத்த படம். அவை கால்கள் என்று நான் நம்புகிறேன். அந்தப் படத்தை வைத்து மூட்டுகளை எண்ண முடியாது, மயிர் வரிசையைப் பார்க்க முடியாது. மூளை, இதயம் என்று பெரிய வார்த்தைகள் பேசுகிறோம், ஆனால் ஐசாக்சிஸுக்கு இன்னும் ஒரு நல்ல கால் கிடைப்பதே பெரிய செய்தி. அது எங்கள் ஊர்ச் சாக்கடையில் சிவப்புத் தண்ணீராகப் போனது. அந்தத் தம்பி கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் கல்லை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. சீனாவில் புதைபடிவப் பாதுகாப்பு விதிகள் 2011 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அனுமதி இல்லாமல் இப்படிப்பட்ட கல் அந்த நாட்டை விட்டு வெளியே வரவே கூடாது. வாங்கியவருக்கு இது தெரியாது, நாங்கள் சொல்லித்தான் தெரிந்தது. ஒரு நிமிடம் யோசித்தார். “அங்கயே குடுத்தரலாமுங்க, அப்பாவுக்கு வேற கல் பாத்துக்கலாம்” என்றார். செங்ஜியாங் படிவங்களைக் கையாளும் சீன ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு எல்லாப் படங்களோடும் எழுதியிருக்கிறோம். செல்போன் படத்தையும் முதலில் எடுத்த வடிவிலேயே இணைத்தோம், வாட்ஸ்அப்பில் சுருங்கியதை அல்ல.

காங்கயத்தில் தெரிந்த நான்கைந்து பட்டறைகளில் அண்ணனே போய்ப் பேசிவிட்டு வந்தார். ஏடு ஏடாகப் பிளக்கும் சேற்றுக்கல் வந்தால், மேலே நிறமாக ஏதாவது உருவம் இருந்தால், தண்ணீரும் எண்ணெயும் காட்டாதீர்கள், பிரஷ் போடாதீர்கள், மேலே வார்னிஷ் பூசாதீர்கள். இரண்டு பாதியையும் படம் எடுங்கள். எங்கே வாங்கியது என்று கேட்டு எழுதி வையுங்கள். அதிகம் ஒன்றும் இல்லை. ஆனால் சொல்கிறவர் சாணை பிடித்தவர் என்பதால் கேட்டுக்கொண்டார்கள்.

அனுப்புவதற்கான பெட்டியை அவரே வேப்பமரத்தில் செய்தார். இரண்டு தகடும் ஒன்றை ஒன்று தொடாதபடி தனித்தனிக் குழி, மேலே பருத்தி மெத்தை. உள்மூடியில் ஒட்டுவதற்கு நான் ஒரு சீட்டு எழுதியிருந்தேன்: பேரினம், நீளம், வாங்கிய மாதம். அவர் அதைப் படித்துவிட்டு, பேனாவை வாங்கி, கீழே தன் கையெழுத்தில் இன்னொரு வரி சேர்த்தார். ‘இரண்டாம் பாதி காங்கயத்தில் சாணையில் 0.3 மி.மீ. தேய்க்கப்பட்டது. தேய்த்தது நான்.’ அதன் அடியில் பெயரும் எழுதினார்.